நாற்பது வருஷமா பி.எஸ்.ஏ. ஒண்ணுதானா? ப்ராஸ்டேட் புற்றுக்கு ரத்தம், சிறுநீர், விந்துல புரதம் தேடுற கதை

பூண்டி_குமரன் | ஆகஸ்ட் 3, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். திருத்துறைப்பூண்டி பக்கம் நான். அப்பாவுக்கு 66 வயசு, விவசாயம். கொஞ்ச மாசமாவே ராத்திரி மூணு நாலு தடவை ஒண்ணுக்குப் போக எழுந்திருக்கிறாரு. "வயசானா அப்படித்தான்டா"ன்னு தள்ளிக்கிட்டே வந்தவரு, போன வாரம் எரிச்சல் தாங்காம அவரே ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டாரு. திருவாரூர்ல ரத்தம் கொடுத்தோம். பி.எஸ்.ஏ. (ப்ராஸ்டேட்னு ஆம்பளைங்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழ இருக்கற சுரப்பி செய்யற ஒரு புரதம்) 6.9. பக்கத்துலயே தடிச்ச எழுத்துல 4 வரைக்கும்தான் நார்மல்னு போட்டிருக்கு. அதைப் பார்த்ததுலேர்ந்து அம்மாவுக்குச் சோறு இறங்கலை.

தஞ்சாவூர்ல யூராலஜிஸ்ட்கிட்ட காட்டினோம். யூரின்ல கிருமி இருக்கு, மாத்திரையை முடிங்க, ஆறு வாரம் கழிச்சுத் திரும்ப பி.எஸ்.ஏ. எடுங்க, அதுவரைக்கும் எதையும் நினைச்சுக் குழப்பிக்காதீங்கன்னாரு.

எனக்கு ரெண்டு சந்தேகம். ஆறு வாரம் ஏன் காத்திருக்கணும்? அடுத்தது, சித்தப்பா பையன் வாட்ஸ்அப்ல ஒண்ணு அனுப்பியிருக்கான், "ஒரு துளி சிறுநீரில் ப்ராஸ்டேட் புற்றைக் காட்டும் புதிய புரதம்"னு. அது எங்க எடுக்கறாங்க? உடம்புல ஆயிரக்கணக்குல புரதம் இருக்குன்னு பத்தாவதுலயே படிச்சோம். இந்த ஒண்ணையே ஏன் எல்லாரும் பிடிச்சுத் தொங்கறாங்க? ரிப்போர்ட் படம் கீழே.

மட்டுறுத்துநர் | ஆகஸ்ட் 3, இரவு 9.58

குமரன், படத்துல அப்பா பேரும் மொபைல் நம்பரும் தெரியுது. எடுத்துட்டேன். அளவை எழுதினதே போதும்.

லேப்_ரவி | ஆகஸ்ட் 3, இரவு 10.31

தம்பி, கும்பகோணத்துல லேப் வேலை எனக்கு. மொதக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்றேன், ரெண்டாவதுக்கு வெண்ணாறு அக்கா வருவாங்க.

கிருமி புகுந்து ப்ராஸ்டேட் வீங்கினா பி.எஸ்.ஏ. ரத்தத்துல கசியும். கிருமி செத்தாலும் அளவு சட்டுனு இறங்காது, வாரக்கணக்குல ஆகும். யூரின் அடைச்சு ட்யூப் போட்டாலும் ஏறும். ரெண்டு நாளுக்குள்ள உறவு இருந்திருந்தாலும் கொஞ்சம் ஏறும். ரத்தம் எடுக்கறப்ப இதையெல்லாம் கேட்டு எழுதணும்னு பாரத்துல இடம் இருக்கு. அறுபது வயசுக்காரர்கிட்ட இருபத்திரண்டு வயசுப் பொண்ணு எங்கேர்ந்து கேக்கும்? அந்தக் கட்டம் காலியாத்தான் வரும்.

ப்ராஸ்டேட் வீக்கத்துக்கு ஃபினாஸ்டிரைடு, டுடாஸ்டிரைடு மாத்திரை போடறவங்களுக்கு இதுக்கு நேர் எதிரா நடக்கும். ஆறு மாசம் ஒரு வருஷம் போட்டா பி.எஸ்.ஏ. ஏறக்குறைய பாதியாயிடும். தாள்ல 3 வரும், வீட்டுல சந்தோஷப்படுவாங்க. டாக்டர் அதை 6-னு படிப்பாரு. முடி உதிருதுன்னு பயோட்டின் மாத்திரை சாப்பிடறவங்க ரத்தம் கொடுக்கறதுக்கு முன்னாடி அதையும் சொல்லிடணும். சில மெஷின்ல டெஸ்ட் பண்ற மருந்துப் பெட்டி, அதான் கிட், அதுக்குள்ளயே பயோட்டின் வேலை பார்க்குது, வெளியேர்ந்து நிறைய வந்தா அளவு குறைச்சுக் காட்டும்.

அப்புறம் அந்த 4. கொள்முதல் நிலையத்துல ஈரப்பதம் 17-னு கோடு போட்டிருக்காங்கள்ல, 17.3 வந்த நெல்லு கெட்டுப் போன நெல்லா? இல்ல 16.8 வந்தது தங்கமா? அந்த மாதிரிதான் இதுவும். அந்த மீட்டரே இடத்துக்கு இடம் மாறுது, இங்கயும் அதே கூத்து. பி.எஸ்.ஏ. கிட்டுகளை ரெண்டு விதமான தரத்துக்கு அளவு கட்டியிருக்காங்க. பழைய தரத்துல 4 காட்டற ரத்தம், உலக சுகாதார நிறுவனத்தோட தரத்துல 3.1 பக்கம் காட்டும். அதனால திரும்ப எடுக்கறதை அதே லேப்ல எடுங்க. வேற இடம்னா எந்த கிட்னு கேட்டு எழுதி வாங்கிக்குங்க.

வெண்ணாறு | ஆகஸ்ட் 4, காலை 6.15

குமரன், நான் நீடாமங்கலம். புரோட்டியோமிக்ஸ்லதான் முனைவர் பட்டம். அதாவது ஒரு திரவத்துல இருக்கற புரதங்களை மொத்தமா அள்ளி, எது எவ்வளவு இருக்குன்னு பார்க்கற வேலை. இப்ப வேற ஊர்ல வேற வேலை, ஆனா இந்தத் துறையை விடலை. உங்க ரெண்டாவது கேள்வியிலதான் என் இளமை போச்சு. நீளமா எழுதறேன், பொறுத்துக்குங்க.

முதல்ல பி.எஸ்.ஏ. எதுக்கு இருக்குன்னு பார்த்துடுவோம். அது புற்றுக்காகப் படைச்ச பொருள் இல்லை. விந்து வெளிய வந்ததும் கூழ் மாதிரி உறையும், அரை மணிக்குள்ள நீர்த்துடும். உறைய வைக்கறது செமினோஜெலின்னு ஒரு புரதம். அதை வெட்டி நீர்க்க வைக்கற கத்திரிதான் பி.எஸ்.ஏ. அதனால அது இருக்க வேண்டிய இடம் விந்து. அங்க ஒரு மில்லிக்கு மில்லிகிராம் கணக்குல இருக்கும். ரத்தத்துல நானோகிராம் கணக்கு. கிட்டத்தட்ட பத்து லட்சம் மடங்கு வித்தியாசம். ரத்தத்துல நாம அளக்கறது ஒழுகினது மட்டும்தான்.

சரி, ரத்தத்துல வேற புரதம் தேடலாமேன்னா, அங்க ரொம்ப அதிகமா இருக்கற ஆல்புமின்ங்கற புரதம் வழியை மறிக்குது. உங்க அப்பா ரத்தத்துல ஒரு மில்லிக்கு பி.எஸ்.ஏ. 6.9 நானோகிராம். அதே ஒரு மில்லியில ஆல்புமின் சுமார் 4 கோடி நானோகிராம். பிளாஸ்மாவுல, அதாவது ரத்தத்தோட நீர்ப்பகுதியில, இருக்கற புரத எடையில ஏறக்குறைய 99 சதவீதத்தை இருபத்திச் சொச்சம் புரதங்களே அடைச்சுக்கிட்டிருக்கு. மிச்ச ஆயிரக்கணக்கான புரதமும் அந்த ஒரு சதவீதத்துக்குள்ள. நமக்கு வேண்டியது அதுக்கும் அடியில.

வேலை எப்படி நடக்கும்னா, மொதல்ல ஆல்புமின், இம்யூனோகுளோபுலின் மாதிரி பெரிய ஆளுங்களைப் பிடிச்சு வெளிய எடுக்கணும். அதுக்குன்னே குழாய் விக்குது, விலை கேட்டா தலை சுத்தும். மிச்சத்துல டிரிப்சின்னு ஒரு நொதியை ஊத்தி ராத்திரி முழுக்க 37 டிகிரியில வைப்போம். அது லைசின், ஆர்ஜினின்ங்கற அமினோ அமிலங்கள் இருக்கற இடமாப் பார்த்துப் புரதத்தை வெட்டும். காலையில புரதம் இருக்காது, துண்டுகள்தான் இருக்கும். அந்தத் துண்டுகளை ஒரு மெல்லிய குழாய் வழியா பிரிச்சு மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டருக்குள்ள தெளிச்சா, ஒவ்வொண்ணுக்கும் எடை சொல்லும், இன்னும் உடைச்சு அதோட வரிசையும் சொல்லும். புரதத்தைச் சிதையாம மின்னூட்டி ஆவியில ஏத்த வழி கண்டதுக்குத்தான் ஜான் ஃபென்னுக்கும் கொய்ச்சி தனாக்காவுக்கும் 2002-ல வேதியியல் நோபல் கிடைச்சுது. பெரிய ஆளுங்களை வெளிய எடுக்கறப்ப ஆல்புமினை ஒட்டிக்கிட்டு வந்த சின்னப் புரதங்களும் சேர்ந்து போயிடும். அதைத் தடுக்க இன்னிக்கு வரைக்கும் சுத்தமான வழி இல்லை.

அதனாலதான் பலர் ரத்தத்தை விட்டு உறுப்புக்குப் பக்கத்துல இருக்கற திரவத்துக்குப் போனாங்க. சிறுநீர் ப்ராஸ்டேட்டுக்கு நடுவுலேயே ஓடுது. விந்துல கால் பங்கு ப்ராஸ்டேட்லேர்ந்துதான் வருது. சிறுநீர் பத்தித் தனியா எழுதறேன், இப்ப பஸ்ஸுக்கு நேரமாச்சு.

பாபநாசம்_வாத்தியார் | ஆகஸ்ட் 4, காலை 11.05

அன்புள்ள வெண்ணாறு அவர்களுக்கு, தெளிவான விளக்கத்துக்கு நன்றி. நான் ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர். சில ஆண்டுகளுக்கு முன் ப்ராஸ்டேட் புற்றுக்காக அந்தச் சுரப்பியையே அறுவை செய்து நீக்கிக்கொண்டவன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பி.எஸ்.ஏ. பார்க்கிறேன், அளவிட முடியாத அளவுக்குக் குறைவு என்றே வருகிறது.

ஒரு வரலாற்றுக் குறிப்பைச் சேர்க்க விரும்புகிறேன். பி.எஸ்.ஏ. முதல் குறியீடு அன்று. 1930களிலேயே அமில பாஸ்பேட்டேஸ் என்ற நொதி, எலும்புக்குப் பரவிய ப்ராஸ்டேட் புற்றில் இரத்தத்தில் உயர்வதைக் கண்டனர். 1941-இல் சார்லஸ் ஹக்கின்ஸ் ஆண் ஹார்மோனைக் குறைத்தால் அந்த நொதி இறங்குவதைக் காட்டினார். 1966-இல் நோபல் பெற்றார். பல பத்தாண்டுகள் அதுவே ஆட்சி செய்தது.

என் ஐயம் இது. பி.எஸ்.ஏ. இயல்பான சுரப்பியின் வேலைக்காரன் என்றால், புற்று வந்ததும் அதிகமாகச் சுரக்கிறதா? புற்றணு அதையே மிகுதியாகச் செய்கிறதா?

வெண்ணாறு | ஆகஸ்ட் 4, இரவு 8.20

ஐயா, எங்க துறைக்குப் புதுசா வர்ற பசங்க எல்லாரும் தப்பாப் புரிஞ்சுக்கற இடத்தைச் சரியாப் பிடிச்சுட்டீங்க. இல்லை ஐயா. அணு ஒண்ணுக்குன்னு கணக்குப் போட்டா, புற்றணு சாதாரண அணுவைவிடக் குறைவாவே பி.எஸ்.ஏ. செய்யுது. மாறினது சுவர். நல்ல சுரப்பியில அது நாளத்துக்குள்ள மட்டும் கொட்டும். நாளத்தைச் சுத்தி அடித்தள அணுக்கள், அதுக்கு வெளிய ஒரு சவ்வு. புற்று அந்த அடுக்கைக் குலைச்சுடுது, ரத்தத்துக்குப் போற பாதை திறந்துடுது. கிருமி வந்தாலும் வீக்கம் வந்தாலும் பி.எஸ்.ஏ. ஏறறது இதனாலதான். சுவர் எதனால விட்டதுன்னு அந்த அளவு சொல்லாது.

நீங்க சொன்ன "அளவிட முடியாத அளவு"ங்கற விஷயத்துலதான் பி.எஸ்.ஏ. ராஜா. சுரப்பி போனப்புறம் அது திரும்ப ஏறினா பெரும்பாலும் அர்த்தம் ஒண்ணுதான், புற்று திரும்ப வருதுன்னு. அமெரிக்காவுல 1986-ல அனுமதி கொடுத்ததும் சிகிச்சைக்கு அப்புறம் கண்காணிக்கத்தான். கண்டுபிடிக்கப் பயன்படுத்தலாம்னு 1994-லதான் சொன்னாங்க.

சந்தேக_சாமி | ஆகஸ்ட் 4, இரவு 11.47

எல்லாரும் பவ்யமா பேசறீங்க, நான் உடைச்சுச் சொல்றேன். இது பயத்தை விக்கற வியாபாரம். ப்ராஸ்டேட் ஆன்டிஜென் பத்தி 1970-ல எழுதின ரிச்சர்ட் ஆப்லினே 2010-ல நியூயார்க் டைம்ஸ்ல இந்தப் பரிசோதனையை எல்லாருக்கும் பண்றது தப்புன்னு எழுதினாரு. எண்பது தாண்டினவங்க செத்தப்புறம் அறுத்துப் பார்த்தா பாதிப் பேருக்கு உள்ள புற்று இருக்கும், அதனால சாகலை, வேற எதனாலயோ செத்தாங்க. எங்க ஊர்ல மாஸ்டர் ஹெல்த் செக்கப்னு பேனர் கட்டி நாற்பது வயசுக்காரனுக்கெல்லாம் பி.எஸ்.ஏ. எடுக்கறான். குமரன் அப்பாவைச் சும்மா விட்டா நிம்மதியா நெல்லு அறுப்பாரு.

யூரோ_திருச்சி | ஆகஸ்ட் 5, காலை 7.02

சந்தேக_சாமி சொல்வதில் பாதி சரி, அதனால்தான் பதில் எழுதுகிறேன்.

அறிகுறி இல்லாத எல்லோருக்கும் பி.எஸ்.ஏ. பார்ப்பது வேறு, அறிகுறியோடு வந்தவருக்குப் பார்ப்பது வேறு. குமரனின் அப்பா இரண்டாம் வகை. அவரைச் "சும்மா விடுவது" வைத்தியம் அல்ல. டெல்டாவில் நான் அதிகம் பார்ப்பது தேவையில்லாமல் கண்டுபிடிக்கப்பட்டவர்களை அல்ல. இடுப்பு வலி, முதுகு வலி என்று எண்ணெய் தேய்த்துத் தேய்த்து, எலும்புக்குப் பரவியபின் வருகிறவர்களை.

முதல் வகைக்கு ஐரோப்பாவில் நடந்த பெரிய ஆய்வின் கணக்கு இருக்கிறது. 16 ஆண்டுத் தொடர்ச்சியில் ப்ராஸ்டேட் புற்று மரணம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. ஆனால் ஒரு மரணத்தைத் தடுக்க 570 பேரைச் சோதனைக்கு அழைத்து, கூடுதலாக 18 பேருக்குப் புற்று என்று சொல்ல வேண்டியிருந்தது. அந்த 18 பேரில் பலருக்கு அது தெரியாமலேயே இருந்திருக்கலாம். இதை நல்லது என்பவரும் உண்டு, வேண்டாம் என்பவரும் உண்டு; அமெரிக்க நோய்த்தடுப்புப் பணிக்குழுவே 2012-இல் வேண்டாம் என்று சொல்லி, 2018-இல் 55 முதல் 69 வயதுவரை டாக்டரோடு பேசி முடிவெடுங்கள் என்று மாற்றிக்கொண்டது.

4-க்குக் கீழே இருந்தால் நிம்மதி என்பதும் இல்லை. அமெரிக்காவில் ஓர் ஆய்வில் பி.எஸ்.ஏ. 4 வரை இருந்தவர்களுக்கும் பயாப்சி, அதாவது ஊசியால் சிறிது சதை எடுத்துச் சோதனை, செய்து பார்த்தார்கள். சுமார் 15 சதவீதம் பேருக்குப் புற்று இருந்தது. நமக்குத் தேவையானது "புற்று இருக்கிறதா" என்று சொல்லும் புரதம் கூட அல்ல. "இந்தப் புற்று இந்த மனிதரைக் கொல்லுமா" என்று சொல்லும் புரதம்.

வெண்ணாறு | ஆகஸ்ட் 6, இரவு 9.15

டாக்டர் கடைசியா சொன்னது முக்கியம். பழைய ஆய்வுகள்ல சிலது, புற்று உள்ளவங்களையும் இருபத்தஞ்சு வயசு ஆரோக்கியமான பசங்களையும் ஒப்பிட்டுச்சு. அப்படிப் பண்ணா வயசைக் காட்டற புரதம்தான் கிடைக்கும். ஒப்பிட வேண்டியது அதே வயசு, அதே வீக்கம், அதே சர்க்கரை, புற்று மட்டும் இல்லாத ஆளுங்களோட.

சிறுநீருக்கு வர்றேன். சும்மா பிடிச்ச சிறுநீர்ல ப்ராஸ்டேட் சரக்கு ரொம்பக் குறைவு. அதனால டாக்டர் விரல் வச்சு ப்ராஸ்டேட்டை அழுத்தி விட்டதும், முதல்ல வர்ற 20, 30 மில்லியைப் பிடிப்போம். அதுல உள்ள புரதம் ஓரளவு சுரப்பியோட சொந்தக் குரல். ஆனா சிறுநீருக்குன்னு தொல்லைகள் இருக்கு. நல்ல சிறுநீர்ல அதிகமா இருக்கறது யூரோமாடுலின்னு சிறுநீரகத்துப் புரதம். குளிர வச்சா வலை மாதிரி திரிஞ்சு, நமக்கு வேண்டியதையும் பிடிச்சுக்கிட்டு அடியில உக்காந்துடும். சித்திரை வெயில்ல களத்துல நின்னுட்டு வந்தவரோட சிறுநீரும், ஏசியில உக்காந்து மூணு பாட்டில் தண்ணி குடிச்சவரோட சிறுநீரும் ஒண்ணா? சிறுநீர் எவ்வளவு நீர்த்திருக்குன்னு காட்டற கிரியாட்டினின்ங்கற கழிவோட அளவால வகுத்துச் சரிபண்ணணும். சர்க்கரையால சிறுநீரகம் கசியறவங்களா இருந்தா ஆல்புமின் அங்கேயும் வந்து நிக்கும். நம்ம பக்கம் அறுபது தாண்டினவர்ல சர்க்கரை இல்லாதவரைத் தேடறதே ஒரு ஆய்வு.

விந்துல புரதம் அபாரமா இருக்கும், ஒரு மில்லிக்கு 35 முதல் 55 மில்லிகிராம். தேடறவனுக்கு விருந்து. கொடுக்கத்தான் ஆள் கிடைக்காது. 66 வயசு மனுஷர்கிட்ட டப்பாவை நீட்டிப் பாருங்க. அதனால விந்துல கண்டுபிடிச்சு, ரத்தத்துலயோ சிறுநீர்லயோ சோதிக்கற வழக்கம் உண்டு.

இப்ப 2002 கதை. பிப்ரவரியில லான்செட்ங்கற மருத்துவ இதழ்ல ஒரு கட்டுரை. சினைப்பை புற்றை ஒரு சொட்டு சீரத்தோட (ரத்தம் உறைஞ்சப்புறம் தெளியற நீர்) புரதக் கோலத்தை வச்சே கண்டுபிடிச்சுட்டோம்னு. ப்ராஸ்டேட்டுக்கும் அதே முறையில அடுத்தடுத்து வந்துச்சு, 90 சதவீதத்துக்கு மேல சரின்னு. உலகமே ஆடிச்சு. அப்புறம் புள்ளியியல்காரங்க அந்தத் தரவையே வாங்கி நோண்டினாங்க. பிரிச்சுக் காட்டினது புற்றா, இல்ல மாதிரிகளை வெவ்வேற நாள்ல வெவ்வேற விதமா மெஷின்ல ஓட்டின வித்தியாசமான்னு கேட்டாங்க. ப்ராஸ்டேட்டுக்கு அமெரிக்கப் புற்றுநோய் நிறுவனத்தோட வலையமைப்பே பல இடத்து சீரத்தை ஒழுங்கா எடுத்துத் திரும்பச் செஞ்சு 2008-ல வெளியிட்டுச்சு. பிரிக்க முடியலை. முன்னாடி கிடைச்ச வெற்றிக்கு, மாதிரிகளை எடுத்து வச்சிருந்த விதமும் காலமும்தான் காரணம்னு தெரிஞ்சுது.

நம்ம ஊருக்குப் பொருத்திச் சொல்றேன். புற்று நோயாளிங்க ரத்தத்தை பெரிய ஆஸ்பத்திரியில எடுத்து அரை மணிக்குள்ள மைனஸ் 80 ஃப்ரீசர்ல போட்டுட்டேன். புற்று இல்லாதவங்க ரத்தத்தை வேதாரண்யத்துல முகாம் போட்டு எடுத்து மத்தியானம் பஸ்ல கொண்டாந்தேன். ரெண்டையும் ஒப்பிட்டா மெஷின் அழகா ரெண்டு கூட்டமாப் பிரிச்சுக் கொடுக்கும். நான் கண்டுபிடிச்சது புற்றை இல்லை, வேதாரண்யம் பஸ்ஸை.

பூண்டி_குமரன் | ஆகஸ்ட் 6, இரவு 10.02

அக்கா, அந்த பஸ்ஸுலதான் நான் தினமும் வேலைக்குப் போறேன் 😄 ஆனா அது ஆராய்ச்சிக்குத்தானே? அப்பா ரத்தத்துக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கா?

லேப்_ரவி | ஆகஸ்ட் 7, காலை 5.50

ஏன் இல்லாம? வெறும் பி.எஸ்.ஏ. ஓரளவு தாங்கும். ஃப்ரீ பி.எஸ்.ஏ.தான், அதாவது மொத்தத்துல வேற புரதத்தோட பிணையாம தனியா சுத்தற பங்குதான், நோஞ்சான்.

சின்ன ஊர் கலெக்‌ஷன் சென்டர்ல என்ன நடக்குதுன்னு சொல்றேன். காலை ஆறரைக்கு ரத்தம் எடுப்பாங்க. மஞ்சள் மூடி ட்யூப், உள்ள ஜெல். அரை மணி உறைய விட்டு சென்ட்ரிபியூஜ்ல சுத்தினா ஜெல் நடுவுல வந்து நிக்கும், மேல தெளிஞ்ச சீரம், கீழ சிவப்பு. அதுதான் முறை. சில இடத்துல சென்ட்ரிபியூஜே இருக்காது. இருந்தா கரன்ட் இருக்காது. அப்படியே தெர்மாகோல் பெட்டியில படுக்க வச்சு, ரெண்டு ஐஸ் பேக்கைப் போட்டு, பழுப்பு டேப் ஒட்டி, டிரைவர் சீட்டுக்குப் பக்கத்துல வச்சு அனுப்புவாங்க. எஞ்சின் மேல. எங்ககிட்ட வந்து சேர்றப்ப ஐஸ் பேக் தண்ணியா ஆடும். ட்யூபைத் தூக்கிப் பார்த்தா சீரம் ரோஸ்மில்க் கலர்ல இருக்கும், அணு உடைஞ்சுடுச்சுன்னு அர்த்தம். நான் திருப்பி அனுப்புவேன், அதுக்குத் திட்டு வாங்குவேன். எல்லா லேப்லயும் திருப்பி அனுப்புவாங்கன்னு உத்தரவாதம் கொடுக்க மாட்டேன்.

ஃப்ரீ பி.எஸ்.ஏ. எடுக்கணும்னா ரத்தம் எடுத்த மூணு மணி நேரத்துக்குள்ள சீரத்தைப் பிரிச்சுடணும். அன்னிக்கு ஓட்டலைன்னா உறைய வைக்கணும். விட்டா அது மட்டும் குறையும், மொத்தம் அப்படியே இருக்கும். அப்ப சதவீதம் இறங்கும். சதவீதம் இறங்கினா புற்று சந்தேகம் கூடும். பெட்டி சூடானதுக்கு மனுஷனுக்கு பயாப்சி! திரும்ப எடுக்கறப்ப அப்பாவை நேர்ல தஞ்சாவூருக்கோ கும்பகோணத்துக்கோ கூட்டிட்டு வாங்க தம்பி.

கிராம_செவிலி | ஆகஸ்ட் 7, மதியம் 2.10

துணை சுகாதார நிலையத்துல இருக்கேன். வீடு வீடாப் போய் பிரஷரும் சுகரும் பார்க்கறோம். பொம்பளைங்ககிட்ட மார்பு, கர்ப்பப்பை வாய் பத்திக் கேக்கறதுக்கு இப்ப பழகிட்டாங்க. ஆம்பளைங்ககிட்ட "ராத்திரி எத்தனை தடவை எழுந்திருக்கீங்க"ன்னு கேட்டா "எனக்கென்ன, நல்லா இருக்கேன்"னு துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டு கிளம்பிடறாங்க. பதில் அவங்க வீட்டம்மாதான் சொல்றாங்க, அதுவும் கொல்லைப்பக்கம் கூப்பிட்டு. குமரன் அப்பா தானே வந்து கேட்டது பெரிய விஷயம் தம்பி.

பூண்டி_குமரன் | செப்டம்பர் 21, இரவு 8.35

இழையை மேல தூக்கறேன். குறுவை அறுப்பு மெஷின் வர்ற தேதிக்கும் ரத்தம் கொடுக்கற தேதிக்கும் நடுவுல அப்பாவோட பெரிய பஞ்சாயத்து. கடைசியில தஞ்சாவூருக்கே கூட்டிட்டுப் போய் எடுத்தோம். கிருமி போயிடுச்சு. பி.எஸ்.ஏ. 5.4. ஃப்ரீ பி.எஸ்.ஏ. 12 சதவீதம். டாக்டர் விரல் வச்சுப் பார்த்ததுல கட்டி எதுவும் தட்டுப்படலை. எம்.ஆர்.ஐ. எடுத்துட்டு வாங்க, அப்புறம் பயாப்சி வேணுமான்னு முடிவு பண்ணலாம்னாரு.

அக்கா, 12-ன்னா என்ன? பி.எச்.ஐ.ன்னு (ப்ராஸ்டேட் ஹெல்த் இண்டெக்ஸ்) ஒரு ரத்த டெஸ்ட் இருக்குன்னு படிச்சேன். அதை எடுத்தா எம்.ஆர்.ஐ. செலவு மிச்சமாகுமா? அப்புறம் அந்த ஒரு துளி சிறுநீர்?

வெண்ணாறு | செப்டம்பர் 21, இரவு 10.50

பி.எஸ்.ஏ. ரத்தத்துக்கு வந்ததும் பெரும்பகுதி இன்னொரு புரதத்தோட பிணைஞ்சுடும். ஆல்ஃபா 1 ஆன்டிகைமோடிரிப்சின்னு பேரு. பிணையாம சுத்தறதுதான் ஃப்ரீ. புற்று இருக்கறவங்ககிட்ட ஃப்ரீ பங்கு குறைவா இருக்கும்னு 1990களோட தொடக்கத்துல கண்டுபிடிச்சாங்க. 4-க்கும் 10-க்கும் நடுவுல உள்ளவங்களுக்கு 25 சதவீதத்துக்கு மேல இருந்தா சந்தேகம் குறையும், 10-க்குக் கீழ போனா கூடும். 12 நடுவுலதான் நிக்குது. அதனால டாக்டர் எம்.ஆர்.ஐ. கேக்கறது நியாயமாத்தான் படுது.

பி.எச்.ஐ.ங்கறதும் பி.எஸ்.ஏ. குடும்பமே. பி.எஸ்.ஏ. சுரக்கறப்ப முன்னால ஒரு சின்ன வால் ஒட்டியிருக்கும், அதை வெட்டினாத்தான் வேலை செய்யும். வால் சரியா வெட்டுப்படாம ரெண்டு அமினோ அமிலம் ஒட்டிக்கிட்டிருக்கற வடிவம் புற்றுல அதிகம். அதை ஃப்ரீ பி.எஸ்.ஏ.வால வகுத்து, மொத்த பி.எஸ்.ஏ.வோட வர்க்கமூலத்தால பெருக்கினா பி.எச்.ஐ. அமெரிக்காவுல 2012-ல அனுமதி ஆச்சு. இன்னொண்ணு 4கே ஸ்கோர். மூணு விதமான பி.எஸ்.ஏ.வோட கல்லிக்ரீன் 2-ன்னு அதுக்கு உடன்பிறப்பு ஒண்ணைச் சேர்த்து, வயசையும் மத்த விவரத்தையும் போட்டுக் கணக்கு. கவனிச்சீங்களா? நூத்துக்கணக்கான புரதம் தேடிப் போனோம், ரத்தத்துல பிழைச்சு வந்தது பி.எஸ்.ஏ.வும் அதோட சொந்தக்காரங்களும்தான். இது எனக்குக் கொஞ்சம் கசப்பான விஷயம்.

ஒரு துளி சிறுநீர்: உங்க தம்பி அனுப்பின செய்தி பழைய சரக்கா இருக்கலாம். 2011-ல இங்கிலாந்துல சர்ரே பல்கலைக்கழகக் குழு, என்கிரெயில்டு-2-ன்னு ஒரு புரதம் புற்று உள்ளவங்க சிறுநீர்ல இருக்குன்னு சொன்னாங்க. விரல் பரிசோதனைகூட வேண்டாம், சும்மா பிடிச்ச சிறுநீரே போதும்னாங்க. பத்திரிகைங்க கொண்டாடுச்சு. அது இன்னும் வழக்கமான டெஸ்ட் ஆகலை. சிறுநீர்ல அனுமதி வாங்கினது பி.சி.ஏ.3, 2012-ல. அது புரதமே இல்லை, ஆர்.என்.ஏ., அதாவது ஒரு மரபணுவோட நகல்.

இப்படிக் கண்டுபிடிச்ச புரதங்கள்ல ஏன் இவ்வளவு பாதியிலேயே காணாமப் போச்சுன்னா, கணக்கு ரொம்ப எளிசு. 1000 புரதத்தை அளந்து, ஒவ்வொண்ணையும் 5 சதவீதத் தற்செயல் எல்லையில சோதிச்சா, ஒண்ணுமே இல்லாட்டியும் 50 புரதம் "வித்தியாசம்"னு தலைகாட்டும். அதுல நல்ல பேரா ஒண்ணை எடுத்துக் கட்டுரை எழுதிடலாம். அடுத்த ஊர்ல, அடுத்த லேப்ல, தெரியாத சாம்பிள்ல அது நிக்கணும். அங்கதான் காசும் பொறுமையும் தீர்ந்து போகுது.

யூரோ_திருச்சி | செப்டம்பர் 22, காலை 6.40

குமரன், எம்.ஆர்.ஐ. எடுக்கும்போது சுரப்பியின் அளவையும் கேட்டு வாங்குங்கள். பி.எஸ்.ஏ.வை அந்தக் கன அளவால் வகுத்தால் வருவது அடர்த்தி. 5.4 என்பது 30 மில்லி சுரப்பியில் 0.18, 70 மில்லி வீங்கிய சுரப்பியில் 0.08. 0.15-க்கு மேல் போனால் நாங்கள் கூடுதலாக யோசிப்போம். செலவில்லாத குறியீடு இது. பயாப்சி வரை போய், தீவிரம் குறைந்த புற்று என்றே வந்தாலும் உடனே கத்தி இல்லை. இங்கிலாந்தில் 1999 முதல் நடந்த ஓர் ஆய்வில் அறுவை, கதிர்வீச்சு, கண்காணிப்பு என்று மூன்றாகப் பிரித்தார்கள். 15 ஆண்டு கழித்து மூன்றிலும் ப்ராஸ்டேட் புற்றால் இறந்தவர்கள் சுமார் 3 சதவீதம்தான்.

சந்தேக_சாமி | செப்டம்பர் 22, காலை 9.30

இதை முதல்லயே சொல்லியிருந்தா நான் ஏன் கத்தப் போறேன். ஆனா பேனர் கட்டறவன் இதைச் சொல்ல மாட்டான், அந்தக் கோபம் அப்படியேதான் இருக்கு.

பாபநாசம்_வாத்தியார் | செப்டம்பர் 22, மாலை 4.45

வெண்ணாறு அவர்களே, டெல்டாவில் யாரேனும் இத்தகைய ஆய்வு தொடங்கினால் நான் மாதிரி தரத் தயார். ஆனால் சுரப்பியே இல்லாதவனிடம் என்ன கிடைக்கும் என்றும் தோன்றுகிறது. மேலும் ஒரு நிபந்தனை: என்ன கண்டார்கள் என்று எனக்குச் சொல்ல வேண்டும். முன்பு ஓர் இடத்தில் இரத்தம் வாங்கிக்கொண்டு போனார்கள், கையெழுத்துப் படிவம் முழுவதும் ஆங்கிலத்தில். அதன்பின் ஒரு வரி கூட வரவில்லை.

வெண்ணாறு | செப்டம்பர் 22, இரவு 9.05

ஐயா, உங்களை மாதிரி ஆளுங்க சிறுநீர் எங்களுக்குப் பொக்கிஷம். "இது ப்ராஸ்டேட்லேர்ந்து வர்ற புரதம்"னு ஒருத்தர் சொல்றார்னு வைங்க. அறுவைக்கு முன்னாடி இருந்து, அறுவைக்கு அப்புறம் காணாமப் போனாத்தான் அதை நம்ப முடியும். உங்க சிறுநீர்ல அது அப்படியே அதே அளவுல நின்னா, அது சிறுநீரகத்துலேர்ந்தோ சிறுநீர்ப்பையிலேர்ந்தோ வருது, வேலையைப் பாருன்னு அர்த்தம். ஒரே ஆளோட முன்னும் பின்னும் இருந்தா இன்னும் நல்லது.

நிபந்தனையில பாதிதான் ஒத்துக்க முடியும். ஆய்வு முடிஞ்சதும் மொத்தத்துல என்ன கிடைச்சுதுன்னு தமிழ்ல ஒரு பக்கம் எழுதிக் கொடுக்கறது எங்க கடமை. ஆனா "உங்களுக்கு இந்தப் புரதம் இவ்வளவு"ன்னு தனி ரிப்போர்ட் தர முடியாது. நிரூபணமாகாத அளவை வச்சு ஒருத்தர் பயந்தோ தைரியமாவோ முடிவெடுத்துட்டா யார் பொறுப்பு? இந்த இழையிலேயே யாருக்கும் சாம்பிள் கொடுங்கன்னு நான் கேக்கவும் மாட்டேன். நிறுவனத்தோட நெறிமுறைக் குழு ஒப்புதல் வாங்கி, ஆஸ்பத்திரி வழியா முறையா வரணும்.

பாபநாசம்_வாத்தியார் | செப்டம்பர் 23, காலை 10.20

ஏற்கத்தக்க விளக்கம். ஒப்புதல் படிவத்தைத் தமிழில் எழுதும்போது எனக்கு அனுப்புங்கள், படித்துப் புரிகிறதா என்று சொல்கிறேன். "பங்கேற்பாளர் எந்நிலையிலும் விலகிக்கொள்ளும் உரிமை" என்று எழுதாதீர்கள். "எப்போது வேண்டுமானாலும் வேண்டாம் என்று சொல்லலாம், வைத்தியம் நிற்காது" என்று எழுதுங்கள்.

பூண்டி_குமரன் | செப்டம்பர் 23, இரவு 9.12

எல்லாருக்கும் நன்றி. எம்.ஆர்.ஐ. தேதி கிடைச்சுடுச்சு, அக்டோபர் முதல் வாரம். தாளடி நடவுக்கு ஆள் சொல்லியாச்சு, அதுக்குள்ள முடிஞ்சுடுமான்னு அப்பா கேக்கறாரு. அம்மா சாப்பிடறாங்க.

லேப்_ரவி | செப்டம்பர் 23, இரவு 9.40

முடிஞ்சுடும் தம்பி. ரெண்டு பி.எஸ்.ஏ. ரிப்போர்ட்டையும் கையோட எடுத்துட்டுப் போங்க. திருவாரூர்ல எந்த கிட்னு இன்னும் கேக்கலைன்னா நாளைக்கே ஒரு போன் போட்டுக் கேட்டு, அந்தத் தாள் பின்னாடியே எழுதிடுங்க.